ஏழாவது தூண்

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பதினான்கு தூண்கள்.
நான் முதலில் ஏய்க்க வேண்டியிருந்த தற்காப்பு வரிசை
அதுதான்.
நகராது. ஆனால் தோளில் இடிக்கத் தெரியும்.
இடப்பக்கம் சாய்வதாகக் காட்டி
வலப்பக்கம் நழுவும் வித்தை
ஏழு வயதில் அங்கே, ஏழாவது தூணில்,
நெற்றி புடைத்துப் புடைத்து வந்தது.

சுவரில் நான்கு மொழிகளில் அறிவிப்பு:
பந்து விளையாடக் கூடாது.
தமிழ் வரியில் மட்டும்
‘பந்து’வின் புள்ளி உதிர்ந்திருந்தது.
இது வேறு ஏதோ விளையாட்டைச் சொல்கிறது
என்று அக்காவிடம் வாதாடினேன்.
இரண்டாம் மாடி திருமதி குவெக் வாதாடவில்லை.
நகர மன்றத்துக்குப் போன் செய்தாள்.
சில நாள் ஜன்னல் வழியாகத்
துணி அலசிய தண்ணீர்.

பத்தொன்பதில் ஒப்பந்தம்.
புவனேந்திரன் என்ற பெயரை
வர்ணனையாளர் பாதியில் கடித்துத் துப்பினார்.
புவன் ஆனேன். பிறகு வெறும்
‘அந்தப் பதினேழாம் எண்’.
அதுவும் பிடித்திருந்தது.

ஜூரோங்கில் ஒரு மழை ஆட்டம்.
காலணி புல்லில் பதிந்தது,
உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை.
பேனா மூடி திறப்பதுபோல் ஒரு சத்தம்,
எனக்கு மட்டும்.
சிலுவைத் தசைநார் என்றார் மருத்துவர்.
அம்மா முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.
சிலுவை என்கிறாரே,
எதற்கும் மாதா கோயிலுக்கும்
ஒரு மெழுகுவத்தி என்றாள்.

ஒன்பது மாதம். திரும்பினேன்.
பதினோராம் ஆட்டத்தில்
அதே கால், அதே நார்.
இம்முறை மழைகூட இல்லை
பழி போட.

ஒப்பந்தம் முடிந்ததை மேலாளர்
வாட்ஸ்அப்பில் சொன்னார்.
கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று.
நன்றியா, மன்னிப்பா, போய்வாவா?
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்புறம் சைக்கிள், சாப்பாட்டுப் பை.
மிதி, மிதி என்றுதான் மருத்துவரும் சொன்னார்.
வலிக்குக் கூலியும் கிடைக்கட்டுமே.

ஒரு செவ்வாய் இரவு:
கோழிச் சோறு இருபத்திரண்டு, மிளகாய் தனியாக.
முகவரியைப் படித்ததுமே
அந்தக் கதவின் கிறீச்சு காதில் கேட்டது.
மறுத்திருக்கலாம்.
மறுத்தால் புள்ளி குறையும்.
போனேன்.
தைல வாடை அப்படியே இருந்தது.
பதினேழாம் கொக்கியில் வேறொருவன் சட்டை.
அவன்தான் எழுந்து வந்தான், ஃபிர்தௌஸ்,
பைகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
‘அபாங்’ என்றான்.
அதற்குமேல் அவனுக்கும் வரவில்லை.
லிஃப்டில் பார்த்தேன்:
ஐந்து நட்சத்திரம், இரண்டு வெள்ளி அன்பளிப்பு.
அந்த இரண்டு வெள்ளி
ஈசூன் வரை குத்திக்கொண்டே வந்தது.

செருப்பு அலமாரிக்குப் பின்னால்
காற்றிறங்கிய பந்து.
நள்ளிரவில் கீழே கொண்டுபோனேன்.
மூன்றாம் தூண் வரை நடை,
ஐந்திலிருந்து மெல்ல ஓட்டம்,
ஏழில் உடம்பு இடப்பக்கம் பொய் சொன்னது.
கால் யோசித்தது.
யோசிக்கிற கால்
தூணைக்கூடக் கடக்காது.
டமார்.

இரண்டாம் மாடியில் விளக்கு.
தண்ணீருக்கு ஒதுங்கி நின்றேன்.
‘ஒரு வருசமா சத்தத்தையே காணோம்,
வீட்டை வித்துட்டீங்கன்னு நெனச்சேன்,’
மலாயில் கத்தினாள் திருமதி குவெக்.
‘மணி என்ன தெரியுமா?
நாளைக்குப் பத்தரைக்குள்ள அடி.
இல்லன்னா போன் பண்ணுவேன்.’
ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

இரண்டாம் பிரிவில் ஒரு குழு
தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது.
சம்பளம் கிடையாது,
எம்ஆர்டி காசு மட்டும்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பதே காலுக்கே கீழே இருந்தேன்.
எட்டு முறை போனேன் ஏழாவது தூணுக்கு.
ஆறு முறை இடித்தது.
மற்ற இரண்டில்
கால் என்னைக் கேட்கவே இல்லை.